ஆழ்கடலுக்குச் செல்லச் சொல்வோர் துறைமுகத்தையும் தரவேண்டும்

கரையை அண்டிய கடலில் மீன்பாடு குறைந்துவிட்டது என்று வடக்கு, கிழக்குக் கடற்றொழிலாளர்கள் முறையிடும் போதெல்லாம் கொழும்பிலிருந்து ஒரே ஆலோசனையே அவர்களுக்கு வழங்கப்பட்டு வருகின்றது. 'ஆழ்கடலுக்குச் செல்லுங்கள்' என்பதே அந்த ஆலோசனை. அரசாங்கங்கள் மாறியிருக்கின்றன, அமைச்சர்கள் மாறியிருக்கின்றனர், இந்த ஆலோசனை மாத்திரம் மாறவில்லை. இந்திய இழுவைப் படகுகளினால் வலைகளை இழந்து நிற்கும் மன்னார், யாழ்ப்பாணக் கடற்றொழிலாளருக்கும் இதுவே சொல்லப்படுகின்றது. கடலரிப்பினால் வாடி அமைக்கவும் தோணியை இழுத்து வைக்கவும் இடமின்றித் தவிக்கும் அம்பாறைக் கரையோரத்தவருக்கும் இதுவே சொல்லப்படுகின்றது. ஆனால் எந்தத் துறைமுகத்திலிருந்து, எந்தப் படகில், யாருடைய பணத்தில் செல்வது என்ற கேள்விகளுக்கு மட்டும் தெளிவான பதில் கிடைப்பதில்லை.

ஆலோசனை தன்னளவில் தவறானதல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1976 ஆம் ஆண்டின் கடல் வலயங்கள் சட்டத்தின் கீழ் இலங்கை தனது கரையிலிருந்து 200 கடல்மைல் வரையான பிரத்தியேக பொருளாதார வலயத்துக்கு உரித்துடையதாயிற்று. அவ்வலயத்தின் பரப்பு சுமார் 5 இலட்சத்து 17 ஆயிரம் சதுர கிலோமீற்றர். அதாவது, நாட்டின் நிலப்பரப்பைப் போன்று ஏறத்தாழ எட்டு மடங்கு. ஆனால், இத்தீவைச் சூழவுள்ள கண்டமேடை மிக ஒடுங்கியது. சராசரியாக 22 கிலோமீற்றர் சென்றதும் கடல் சட்டெனத் தாழ்ந்துவிடுகின்றது. வடக்கே பாக்கு நீரிணைப் பக்கமும் மன்னார்ப் பக்கமுமே ஓரளவு அகன்ற ஆழமற்ற கடல் உண்டு. ஆகவே, கரைக்கடலின் வளம் இயற்கையாகவே வரையறுக்கப்பட்டது. அவ்வளத்தைப் பகிர்ந்துகொள்ளும் தோணிகளின் எண்ணிக்கையோ ஆண்டுக்காண்டு பெருகியே வந்துள்ளது.

மறுபுறத்தில், கெலவல்லா எனச் சந்தைகளில் அறியப்படும் மஞ்சட்துடுப்புச் சூரையும் பலயா எனப்படும் வரிச்சூரையும் தளபத்தும் ஆழ்கடலில் கூட்டங்கூட்டமாக இடம்பெயரும் மீன்கள். அவை கரையைத் தேடி வருவதில்லை. அவற்றைத் தேடி மனிதன்தான் செல்லவேண்டும். தென்னிலங்கை மீனவர் அவ்வாறு சென்றனர். இன்று நாட்டின் மீன் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கினை ஈட்டித்தரும் சூரை மீன் அவர்களது பலநாள் படகுகளிலேயே கரைக்கு வருகின்றது.

காலம் கடந்துபோன கரை

பலநாள் படகு என்பது அரசாங்கத்தின் திட்டமொன்றினால் மட்டும் உருவானதன்று. மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகள் 1950 களின் இறுதியிலிருந்து அறிமுகமாகி, ஒரே இரவில் சென்று திரும்பும் தொழிலுக்கே பயன்பட்டு வந்தன. 1980 களில் மீனவர்கள் அவற்றில் ஐஸும் மேலதிக எண்ணெயும் ஏற்றிக்கொண்டு இரண்டு மூன்று நாட்கள் கடலில் தங்கிப் பார்த்தனர். மீன்பாடு கிடைத்தது. பின்னர் படகுகள் பெரிதாயின. உணவுக்கும் உறக்கத்துக்கும் அறையும், மீனைக் காக்கும் ஐஸ் கிடங்கும், பின்னாளில் செய்மதி வழிகாட்டிக் கருவியும் அவற்றில் இடம்பிடித்தன. இன்று 40, 50 அடிப் படகுகள் ஐந்தாறு பேருடன் மூன்று, நான்கு வாரங்களுக்கும் மேலாகக் கடலில் தங்கித் தொழில் செய்கின்றன. நீர்கொழும்பு, பேருவளை, காலி, தெவிநுவர, தங்காலை ஆகிய துறைமுகங்கள் இத்தொழிலின் தளங்களாயின.

நாட்டிலுள்ள சுமார் 50 ஆயிரம் மீன்பிடிக் கலங்களுள் பலநாள் படகுகள் ஏறத்தாழ 5 ஆயிரம் மட்டுமே. எனினும், பொருளாதார நெருக்கடிக்கு முந்திய 2019 ஆம் ஆண்டில் கடலிலிருந்து பெறப்பட்ட 4 இலட்சம் தொன்னுக்கும் மேற்பட்ட மீனில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கு கரைக்கு அப்பாலான கடலிலிருந்தே கிடைத்தது. பத்தில் ஒரு பங்குக் கலங்கள் ஐந்தில் இரண்டு பங்கு மீனைக் கொண்டுவருகின்றன என்றால் ஆழ்கடற் தொழிலின் பலம் எத்தகையது என்பதை விளக்க வேறு சான்று தேவையில்லை.

இந்த வளர்ச்சி இடம்பெற்ற காலத்தையே நாம் இங்கு கவனத்திற் கொள்ளவேண்டும். தெற்கின் மீனவர் ஐஸ் ஏற்றிக்கொண்டு நூறு கடல்மைல்களைத் தாண்டிய அதே ஆண்டுகளில் வடக்கு, கிழக்கின் மீனவர் கரையிலிருந்து சில மைல்கள் செல்வதற்கும் படையினரின் அனுமதியை எதிர்பார்த்திருந்தனர். எத்தனை மணிக்குச் செல்வது, எத்தனை மணிக்குத் திரும்புவது, எத்தனை குதிரைவலு இயந்திரத்தைப் பயன்படுத்துவது என்பன யாவும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. ஒரு காலத்தில் நாட்டின் மீன் உற்பத்தியில் முன்னணியில் நின்ற மயிலிட்டி, 1990 இல் மக்கள் இடம்பெயர்ந்த பின்னர் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கிப் போயிற்று. அத்துறைமுகம் மக்களிடம் திரும்பக் கிடைக்க 2017 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் மன்னார்க் கரையோரத்தின் கடற்றொழிற் குடும்பங்களும் அடங்குவர். அவர்கள் கடலையும் கலத்தையும் விட்டுப் புத்தளத்தில் அகதி வாழ்வு வாழ்ந்தபோது ஒரு தலைமுறைத் தொழிலறிவே அறுந்துபோயிற்று.

கிழக்கில் போர் மட்டுமன்றிக் கடலும் அழிவைத் தந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலையில் நாட்டின் மீன்பிடிக் கலங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு அழிந்தன அல்லது சேதமடைந்தன. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, பாண்டிருப்பு, திருக்கோவில் என்று தமிழ் ஊர் முஸ்லிம் ஊர் என்ற பேதமின்றிக் கரையோரம் முழுவதும் தொழில் குலைந்தது. அதன்பின் வந்த உதவிகளில் பெரும்பகுதி சிறிய கண்ணாடியிழைத் தோணிகளாகவே வந்தது. அவை உடனடித் தேவையை நிறைவேற்றின என்பதில் ஐயமில்லை. ஆனால், ஏற்கெனவே நெரிசலாயிருந்த கரைக்கடலில் மேலும் நெரிசல் ஏற்படவும் அவையே காரணமாயின. கரைக்கு அப்பால் செல்லவல்ல படகுகளும், அவை தங்கக்கூடிய துறைமுகங்களும் அப்போதே கட்டியெழுப்பப்பட்டிருந்தால் இன்றைய நிலை வேறாக இருந்திருக்கும்.

ஆகவே, வடக்கு, கிழக்கு மீனவர் ஆழ்கடலுக்குச் செல்லாமல் இருப்பது துணிவின்மையாலோ சோம்பலாலோ அல்ல. சுமார் மூன்று தசாப்தங்கள் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன. மறுக்கப்பட்ட காலத்தை ஈடுசெய்யாமல் போட்டிக்கு மட்டும் அழைப்பது நியாயமாகாது.

ஒலுவில் சொல்லும் பாடம்

ஆழ்கடற் தொழிலுக்கு முதல் தேவை துறைமுகம். சிறு தோணியை மணலில் இழுத்து வைக்கலாம். பல தொன் எடையுள்ள பலநாள் படகை அவ்வாறு இழுத்து வைக்க முடியாது. வாடைக் காலத்தின் கொந்தளிப்பிலிருந்து அதனைக் காக்க அலைதடுப்பும், எண்ணெய் நிரப்பவும் ஐஸ் ஏற்றவும் மீன் இறக்கவும் இறங்குதுறையும் வேண்டும். கிழக்குக் கரையில் இவை யாவும் ஒருங்கே அமைந்த இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே. திருகோணமலையின் கொட்பே, மட்டக்களப்பு மாவட்டத்தின் வாழைச்சேனை ஆகியவற்றைக் கடந்து தெற்கே சென்றால், அம்பாறையின் நீண்ட கரைக்கு நம்பிக்கையாக இருந்தது ஒலுவில் மட்டுமே.

ஒலுவில் துறைமுகம் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் கனவாக மக்களால் நினைவுகூரப்படுவது. டென்மார்க்கின் கடனுதவியில் 2008 இல் பணிகள் தொடங்கி, 2013 செப்டெம்பரில் வைபவரீதியாகத் திறந்து வைக்கப்பட்டது. வர்த்தகக் கப்பல்கள் வரும், ஆயிரக்கணக்கானோர் தொழில் பெறுவர் என்றெல்லாம் அப்போது எதிர்பார்ப்புகள் வளர்க்கப்பட்டன. வர்த்தகத் துறைமுகம் இயங்கவேயில்லை எனலாம். மீன்பிடிப் பகுதியோ நுழைவாயிலில் மணல் திரண்டமையால் படகுகள் உள்நுழையவும் வெளியேறவும் முடியாத நிலைக்குத் திரும்பத் திரும்பத் தள்ளப்பட்டது.

இதன் காரணம் கடலை அறிந்தவர்களுக்குப் புதிரானதன்று. கிழக்குக் கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்க்கும்போது மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே நகர்கின்றது. கடலுக்குள் நீண்ட கற்சுவரொன்றை எழுப்பினால் அந்த நகர்வு தடைப்படும். சுவரின் தென்புறத்திலும் வாயிலிலும் மணல் குவியும். வடபுறத்துக்கு வரவேண்டிய மணல் வராமையால் அங்கு கரை அரிக்கப்படும். ஒலுவிலில் நடந்தது இதுவே. துறைமுகத்தின் வடக்கே தென்னந்தோட்டங்களும் காணிகளும் கடலுக்குள் சென்றன. நிந்தவூர்ப் பக்கம் வரை கடலரிப்பு பேசுபொருளாயிற்று.

இதன் விளைவாக ஏற்பட்ட பிணக்கே மிக வருத்தத்துக்குரியது. வாயிலைத் தோண்டித் தருமாறு படகு உரிமையாளர்களும் தொழிலாளர்களும் கோரினர். தோண்டினால் அரிப்பு மேலும் கூடும், தோண்டிய மணலை எமது கரையில் இடுங்கள் என்று கரையோரக் குடியிருப்பாளர்கள் கோரினர். இரு தரப்பினரும் ஒரே பிரதேசத்தவர். இரு தரப்பினரது கோரிக்கையும் நியாயமானது. பிழை இருவரிடத்திலும் இல்லை. ஒரு முறை அமைத்துவிட்டால் ஆண்டுதோறும் மணலை வாரி வடபுறத்துக்கு மாற்றும் ஏற்பாடும், அதற்கான நிதி ஒதுக்கீடும் இன்றி இத்தகைய துறைமுகத்தைப் பராமரிக்க முடியாது. திறப்பு விழாவுக்குப் பணம் ஒதுக்கிய அரசு பராமரிப்புக்கு ஒதுக்கத் தவறியது. அதன் சுமையை மக்கள் சுமக்கின்றனர்.

வடக்கில் மயிலிட்டி துறைமுகத்தின் முதற்கட்டப் புனரமைப்பு 2019 இல் நிறைவுற்றது. 2025 செப்டெம்பரில் மூன்றாங்கட்டப் பணிகள் ஆரம்பித்து வைக்கப்பட்டன. இது வரவேற்கத்தக்கது. பருத்தித்துறையில் துறைமுகம் அமைக்கும் பேச்சோ நீண்ட காலமாகவே இழுபடுகின்றது. புதிய பணிகள் எவையாயினும் ஒலுவிலின் பாடத்தைக் கற்ற பின்னரே அவை முன்னெடுக்கப்பட வேண்டும். மணலின் நகர்வை அளக்காமல் கல்லைக் கொட்டுவது வளர்ச்சியாகாது.

எண்ணெயும் ஐஸும்

துறைமுகம் கிடைத்தாலும் படகு கடலுக்குப் போவதற்குப் பணம் வேண்டும். ஒரு பயணத்தின் செலவில் மிகப் பெரும் பகுதி டீசலுக்கே செல்கின்றது. 2021 ஆம் ஆண்டு ஜூன் மாத விலை உயர்வுக்கு முன் ஒரு லீற்றர் டீசல் 104 ரூபாவாக இருந்தது. 2022 ஜூன் இறுதியில் அது 460 ரூபாவாயிற்று. ஒரு பயணத்துக்கு 3 ஆயிரம் லீற்றர் தேவை எனக் கொண்டால் எண்ணெய்ச் செலவு மட்டும் 3 இலட்சத்து 12 ஆயிரம் ரூபாவிலிருந்து 13 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாவாக ஏறியது. சிறு தோணிகளுக்கான மண்ணெண்ணெயின் விலையும் 2022 ஓகஸ்டில் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக்கப்பட்டது. அந்நாட்களில் பல படகுகள் துறைமுகங்களிலேயே கட்டப்பட்டுக் கிடந்தன. பின்னர் விலைகள் ஓரளவு இறங்கின. 2024 ஒக்டோபரில் லீற்றருக்கு 25 ரூபா வீதம் மானியமும் அறிவிக்கப்பட்டது. ஆயினும், நெருக்கடிக்கு முந்திய நிலைக்குத் தொழில் திரும்பவில்லை.

இச்சுமையை யார் தாங்குகின்றனர் என்பதும் பேசப்பட வேண்டியது. பலநாள் படகுகளில் மாதச் சம்பளம் என்பது வழக்கமில்லை. விற்ற மீனின் பெறுமதியிலிருந்து எண்ணெய், ஐஸ், உணவு, தூண்டில் இரை ஆகியவற்றின் செலவு முதலில் கழிக்கப்படும். எஞ்சுவதில் பாதி உரிமையாளருக்கு, மறுபாதி படகில் சென்றவர்களுக்கு. எண்ணெய் விலை ஏறும்போது கழிவு பெருகுகின்றது, பங்கு சுருங்குகின்றது. மீன்பாடு பொய்த்த பயணத்தில் ஒரு மாதம் கடலில் வாடியவன் வெறுங்கையுடன் வீடு திரும்புகின்றான். உரிமையாளரோ அடுத்த பயணத்துக்கு மீண்டும் கடன் பெறுகின்றார். கடன் கொடுத்த மீன் வியாபாரி தாம் சொல்லும் விலைக்கே மீனை வாங்குகின்றார். இச்சங்கிலியில் படகேறுபவனே கடைசிக் கண்ணி.

கிடைத்த மீனும் முழுப் பெறுமதியைத் தருவதில்லை. எமது கடல் வெப்பமானது. சூரை போன்ற மீன்களைப் பிடித்தவுடன் குளிரூட்டாவிடின் அவற்றின் தசையில் பக்டீரியாக்கள் பெருகி ஹிஸ்டமின் என்னும் பொருள் உருவாகின்றது. அது உருவாகிவிட்டால் சமைத்தாலும் நீங்குவதில்லை. உண்பவருக்கு ஒவ்வாமை ஏற்படும். வெளிநாட்டுச் சந்தைகள் அத்தகைய மீனைத் திருப்பியனுப்பும். மூன்று நான்கு வாரப் பயணத்தில் கிடங்கிலுள்ள ஐஸ் நாளுக்கு நாள் உருகுகின்றது. முதல் வாரத்தில் பிடித்த மீன் அடியில் கிடந்து நசுங்குகின்றது. கடைசி வாரத்தில் பிடித்த மீனே ஏற்றுமதித் தரத்தைப் பெறுகின்றது. ஏனையவை உள்ளூர்ச் சந்தைக்கும் கருவாட்டுக்கும் குறைந்த விலையில் செல்கின்றன. பலநாள் படகுகளின் மீனில் 40 சதவீதம் வரை தரமிழக்கின்றது என்று துறைசார்ந்தோர் நீண்ட காலமாகவே மதிப்பிட்டு வந்துள்ளனர். இந்நாடு ரின் மீனும் கருவாடும் மாலைதீவு மாசியும் இறக்குமதி செய்துகொண்டே தனது மீனின் பெறுமதியைக் கடலில் கரையவிடுகின்றது என்பது வெட்கத்துக்குரியது.

ஆகவே, கூடுதல் மீன் பிடிப்பதைவிடப் பிடித்த மீனைக் காப்பதே முதலில் செய்யவேண்டியது. நல்ல ஐஸ் ஆலை, காப்பிடப்பட்ட கிடங்கு, சுத்தமான இறங்குதுறை, நேர்மையான ஏலம் ஆகியன கிடைத்தால் அதே மீன்பாட்டிலிருந்தே மீனவரின் கைக்கு மேலதிக வருமானம் கிடைக்கும். இதற்காகப் புதிய படகொன்றையும் கடலில் இறக்க வேண்டியதில்லை.

எல்லை கடந்தால்

ஆழ்கடல் எல்லையற்றது என்ற எண்ணமும் திருத்தப்பட வேண்டியது. இந்து சமுத்திரத்தின் சூரை வளத்தை இலங்கை உட்பட பல நாடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றின் பிடியை சீஷெல்ஸைத் தளமாகக் கொண்ட இந்து சமுத்திரச் சூரை ஆணைக்குழு கண்காணிக்கின்றது. மஞ்சட்துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுள்ளதாக அதன் விஞ்ஞானிகள் 2015 இல் எச்சரித்தனர். 2024 இன் மதிப்பீடு நிலைமை தேறியிருப்பதாகக் காட்டுகின்றது. இது நல்ல செய்தியே. எனினும், கட்டுப்பாடுகளைக் கைவிட்டால் பழைய நிலை திரும்ப நீண்ட காலம் செல்லாது.

கட்டுப்பாட்டை அலட்சியம் செய்ததன் விலையை இந்நாடு ஒருமுறை செலுத்தியுள்ளது. ஆழ்கடலிற் செல்லும் படகுகளை முறையாகக் கண்காணிக்கவில்லை என்று 2012 இல் ஐரோப்பிய ஒன்றியம் மஞ்சள் அட்டை காட்டியது. போதிய நடவடிக்கை இல்லாமையால் 2014 ஒக்டோபரில் தடை அறிவிக்கப்பட்டது. 2015 ஜனவரியில் தடை நடைமுறைக்கு வந்தது. 2016 ஜூன் வரை அது நீடித்தது. அக்காலத்தில் நட்டமடைந்தோர் ஏற்றுமதியாளர்கள் மட்டுமல்லர். விலை வீழ்ச்சியினால் சாதாரண மீனவரும் பாதிக்கப்பட்டனர். தடையை நீக்குவதற்காகச் சட்டங்கள் திருத்தப்பட்டன, சர்வதேசக் கடலுக்குச் செல்ல அனுமதிப்பத்திரம் கட்டாயமாயிற்று, படகுகளில் செய்மதிக் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன. பின்னர் அவுஸ்திரேலியாவின் உதவியுடன் மேலும் 4,200 கருவிகள் வழங்கப்பட்டன.

எனினும், மீன் செல்லும் திசையில் படகும் செல்கின்றது. அந்தமான், இலட்சதீவு, மாலைதீவு, சாகோஸ் கடற்பரப்புகளில் எமது படகுகள் பிடிபடுவதும், அவற்றின் பணியாளர்கள் அந்நிய நாட்டுச் சிறைகளில் வாடுவதும் தொடர்கின்றன. உரிமையாளர் கரையில் இருக்கின்றார், சிறை செல்பவன் பங்குக்குப் போன ஏழை. இவ்விடத்தில் நாம் நேர்மையுடன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாக்கு நீரிணையில் இந்திய இழுவைப் படகுகளின் அத்துமீறலைக் கண்டிக்கும் உரிமை எமக்கு முழுமையாக உண்டு. கடலடியைச் சுரண்டும் இழுவை மடியின் அழிவு தூண்டிலின் அழிவோடு ஒப்பிடத்தக்கதன்று. இலங்கை 2017 இல் அடித்தள இழுவை முறையைத் தனது மீனவருக்கும் தடை செய்துள்ளது. ஆனால், எல்லையை மதிக்குமாறு பிறரிடம் கோருபவர்கள் பிறர் எல்லையைத் தாமும் மதிக்கவேண்டும். இல்லையேல், எமது குரலின் வலு குன்றிவிடும்.

உயிராபத்து இவை எல்லாவற்றிலும் பெரியது. 2013 ஜூனில் முன்னெச்சரிக்கையின்றி வீசிய புயலில் மேற்கு, தெற்குக் கரைகளைச் சேர்ந்த 50 இற்கும் மேற்பட்ட மீனவர்கள் மாண்டனர். 2024 ஜனவரியில் லொரென்சோ புத்தா 4 என்னும் படகு சோமாலியக் கொள்ளையரிடம் அகப்பட்டு, அதிலிருந்த ஆறு பேரும் சீஷெல்ஸ் படையினரால் மீட்கப்பட்டனர். அதே ஆண்டு ஜூன் இறுதியில் தங்காலையிலிருந்து சென்ற படகொன்றில், கடலில் மிதந்துவந்த போத்தலிலிருந்த திரவத்தை மதுவென எண்ணி அருந்தியவர்கள் பரிதாபமாக உயிரிழந்தனர். கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கடல்மைல் தொலைவில் வைத்திய உதவி கிடைக்கப் பல மணி நேரம் செல்லும். வடக்கு, கிழக்கு இளைஞர்களை அக்கடலுக்கு அனுப்புவோர் வானொலித் தொடர்பு, உயிர்காப்பு அங்கி, காப்புறுதி, முதலுதவிப் பயிற்சி ஆகியவற்றையும் சேர்த்தே தரவேண்டும்.

செய்யவேண்டியவை

படகுக்குப் பணம் கொடுத்தால் போதும் என்ற எண்ணம் எங்கு கொண்டுசெல்லும் என்பதற்கு அயலில் ஓர் உதாரணம் உண்டு. பாக்கு நீரிணையின் இழுவைப் படகுகளைக் குறைத்து, அவற்றின் உரிமையாளரை ஆழ்கடற் சூரைத் தொழிலுக்கு மாற்றும் திட்டமொன்றை 2017 இல் தமிழகம் தொடங்கியது. 2 ஆயிரம் படகுகள் என்பது இலக்கு. செலவில் 70 சதவீதத்தை மத்திய, மாநில அரசுகள் பொறுப்பேற்றன. ஆயினும், மூன்றாண்டில் எட்டப்படும் எனப்பட்ட இலக்கை அத்திட்டம் எட்டவில்லை. ஒரே நாளில் சென்று திரும்பிப் பழகிய மீனவனுக்கு வாரக்கணக்கில் கடலில் தங்கும் தொழில் முற்றிலும் வேறானது. அவனுக்குப் புதிய திறன் வேண்டும், ஆழமான துறைமுகம் வேண்டும், சூரைக்கு உரிய விலை தரும் சந்தை வேண்டும். மானியம் இவற்றுள் எதையும் தானாகக் கொண்டுவருவதில்லை. அங்கு மாற்றம் தாமதமாவதனால் இங்கு எமது மீனவரின் வலைகள் தொடர்ந்தும் அறுபடுகின்றன என்பதையும் மறக்கலாகாது.

இவ்வனுபவங்களைக் கொண்டு பார்க்கும்போது வடக்கு, கிழக்கின் ஆழ்கடற் தொழிலுக்கான ஒழுங்கு தெளிவாகின்றது. முதலாவதாக, இருக்கும் துறைமுகங்கள் பயன்பாட்டுக்குரியவையாக்கப்பட வேண்டும். ஒலுவில் வாயிலின் மணலை ஆண்டுதோறும் அகற்றி வடபுறக் கரைக்கு இடும் நிரந்தர ஏற்பாடு செய்யப்பட்டால் மீனவரும் காணி உரிமையாளரும் ஒருசேரப் பயன்பெறுவர். வாழைச்சேனையில் ஐஸும் எண்ணெயும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். இரண்டாவதாக, புதிய படகுகளின் எண்ணிக்கையைக் கூட்டாமல், இருக்கும் தேசிய எண்ணிக்கைக்குள்ளேயே இப்பிரதேசத்தவருக்கு நியாயமான பங்கு வழங்கப்பட வேண்டும். சேவையிலிருந்து நீங்கும் படகுகளுக்குப் பதிலாக வழங்கப்படும் அனுமதிகளில் முன்னுரிமை கொடுக்கலாம். மூன்றாவதாக, கடன் தனி முதலாளிகளுக்கு மட்டுமன்றிக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் செல்ல வேண்டும். படகு சங்கத்துக்கு உரியதாயின் பங்கு முறையின் சுமையும் ஓரளவு நீங்கும். நான்காவதாக, அனுமதிப்பத்திர விதிகளும் கடல் எல்லைகளும் பிடிப் பதிவேடும் தமிழிலேயே விளக்கப்பட வேண்டும். தமக்கு விளங்காத மொழியிலுள்ள விதியை மீறியதற்காக எவரும் தண்டிக்கப்படலாகாது.

இவ்விடயத்தில் எமது சமூகங்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. வாழைச்சேனைத் துறைமுகத்தைத் தமிழ், முஸ்லிம் தொழிலாளர் இரு சாராரும் பயன்படுத்துகின்றனர். அம்பாறைக் கரையில் ஊருக்கு ஊர் சமூகம் மாறினாலும், ஒரே காற்றும் ஒரே நீரோட்டமுமே இரு சமூகத்தவரின் மீன்பாட்டையும் தீர்மானிக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு, மேற்குக் கரைகளிலிருந்து மீனவர்கள் கிழக்கை நாடி வரும் வழக்கமும் நீண்டகாலமாக இருந்து வருகின்றது. இறங்குதுறையில் இடம், வாடி அமைக்கும் உரிமை, வலைத் தகராறு ஆகியன தோன்றும்போது அவற்றை இனப் பிரச்சினையாக்கிக் குளிர்காய்வோர் எப்பக்கத்திலும் இருப்பர். இவ்வாறான தகராறுகளைத் தீர்க்க மூன்று சமூகத்தவரும் இடம்பெறும் துறைமுகக் குழுக்கள் அமைக்கப்படுவதே சிறந்தது. துறைமுகத்தைக் கோரும் மனுவில் இரு சமூகத்தினதும் சங்கங்கள் ஒன்றாகக் கையொப்பமிட்டால் அதனைப் புறக்கணிப்பது எந்த அமைச்சருக்கும் இலகுவாக இராது.

கரைக்கடல் மெலிந்து வருகின்றது என்பது உண்மை. ஆழ்கடலில் வளமுண்டு என்பதும் உண்மை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை மீனவன் தன் தோணியால் மட்டும் கடக்க முடியாது. துறைமுகம், கடன், பாதுகாப்பு, சட்ட அறிவு ஆகியவற்றைக் கொண்டு அதனைக் குறைக்க வேண்டியது அரசின் கடமை. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் ஒலுவில் வாயிலின் பராமரிப்புக்கும் வடக்கு, கிழக்குத் துறைமுகங்களின் ஐஸ் வசதிக்கும் எவ்வளவு ஒதுக்கப்படுகின்றது என்பதைக் கொண்டே 'ஆழ்கடலுக்குச் செல்லுங்கள்' என்னும் அழைப்பின் உண்மைத் தன்மையை இம்மக்கள் எடைபோடுவர் என்பதை அதிகாரத்தில் உள்ளோர் உணர்ந்துகொள்ள வேண்டும்.